கூடையும் அறிக்கையும்: அறுப்புக் காலத்தில் தேவனுக்கு நன்றி செலுத்துவது பற்றி

கேள்வி மூன்று கிளைகளாக வந்திருக்கிறது. உழுததும் விதைத்ததும் களையெடுத்ததும் அறுத்ததும் மனிதனாக இருக்க, விளைச்சலுக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்த வேண்டும் என்று வேதாகமம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறது? விளைச்சல் பொய்த்துப்போன ஆண்டில் அந்த நன்றியை எப்படிச் செலுத்துவது? நிலமே இல்லாதவர், மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர், இதில் எங்கே வருகிறார்? இவற்றுக்குப் பழைய ஏற்பாட்டின் அறுப்புப் பண்டிகைகளை வைத்தே பதில் சொல்ல முயல்கிறேன். நன்றி என்பதை அந்தப் பண்டிகைகள் மனத்துக்குள் எழுந்து அடங்கும் ஓர் உணர்வாக விட்டுவிடவில்லை. எந்த மாதத்தில், எந்தத் தானியத்தோடு, என்ன சொல்லி, யாரைப் பந்தியில் உட்காரவைத்து அதைச் செலுத்த வேண்டும் என்பது வரை வகுத்துக் கொடுத்தன. மூன்று கேள்விகளுக்கும் உரிய விடை அந்த விவரங்களில்தான் கிடக்கிறது.

முதலில் அந்தப் பண்டிகைகள் நடந்த இஸ்ரவேல் நாட்டின் ஆண்டுச் சுழற்சியைத் தெரிந்துகொள்வது நல்லது. 1908ஆம் ஆண்டில் கேசேர் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் உள்ளங்கை அளவுள்ள சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அந்தப் பலகையில் மாதங்களுக்குத் தனிப்பெயர் இல்லை. வயல்வேலைகளைக் கொண்டே மாதங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. சேர்ப்புக்கு இரண்டு மாதம், விதைப்புக்கு இரண்டு, பின்விதைப்புக்கு இரண்டு, சணல் அறுக்க ஒன்று, வாற்கோதுமை அறுக்க ஒன்று, அடுத்த அறுப்புக்கும் அளவைக்கும் ஒன்று, திராட்சைக்கு இரண்டு, கோடைக்கனிக்கு ஒன்று என்று பன்னிரண்டும் கணக்காகிவிடுகின்றன. நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசே வழியாக வந்த சட்டத்தின், மூன்று பெரிய பண்டிகைகளும் இதே சுழற்சியின் மேல்தான் அமைந்திருக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களையொட்டி வரும் பஸ்கா காலத்தில் வாற்கோதுமை முற்றும். அதிலிருந்து ஏழு வாரம் எண்ணி 50ஆம் நாளில் வரும் வாரங்களின் பண்டிகையில் கோதுமை அறுப்பு நடக்கும். திஷ்ரி மாதம் 15ஆம் தேதி, அதாவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கும் கூடாரப்பண்டிகைக்குள் களத்தின் பலனும் திராட்சை ஆலையின் பலனும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இந்தச் சுழற்சி முழுவதும் மழையை நம்பியிருந்தது. நியாயப்பிரமாண நூல்களில் ஒன்றான உபாகமத்தின் 11ஆம் அதிகாரம் இதை எகிப்தோடு ஒப்பிட்டு விளக்குகிறது. எகிப்தில் விதைத்தவர்கள் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலக் காலால் நீர்ப்பாய்ச்சினார்கள். ஆற்று வெள்ளம் ஆண்டுதோறும் வந்தது, வாய்க்கால் இருந்தது, மனிதனுடைய கைகால் உழைப்புக்கும் விளைச்சலுக்கும் இடையே உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இஸ்ரவேலர் குடியேறப்போகிற தேசமோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளது, வானத்து மழைத்தண்ணீரைக் குடிக்கிறது. விதைப்புக்கு முன்மாரி வேண்டும், கதிர் பால்பிடித்து முற்றுவதற்குப் பின்மாரி வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஆண்டு போயிற்று. ஆகவே அந்த மண்ணில் நின்றவனுக்கு நன்றி என்பது பக்தி மேலிட்டுச் செய்யும் உபசாரமாக இருக்கவில்லை. தன் உழைப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை அவன் ஆண்டுதோறும் இரண்டு முறை வானத்தைப் பார்த்தே அறிந்துகொண்டிருந்தான்.

இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்பதற்கு வேதாகமத்தில் உள்ள மிக முழுமையான வடிவம் உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் முதல் 11 வசனங்கள். நிலத்தின் கனிகளில் முந்தியவற்றை எடுத்து ஒரு கூடையில் வைத்து, தேவன் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய், ஆசாரியனிடத்தில் கொடுத்து, அங்கே ஓர் அறிக்கையைச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். "இந்த ஆண்டு நன்றாய் விளைந்தது" என்று ஒரு வார்த்தை இல்லை. எத்தனை கலம் கண்டது என்ற பேச்சு இல்லை. என் தகப்பன் அழிவின் விளிம்பில் திரிந்த ஒரு சீரியன், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் பிழைக்கப் போனவன், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், நாங்கள் கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்த நிலத்தைத் தந்தார், இதோ அந்த நிலத்தின் முதற்பலன் என்று போகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரனாய், கூடை நிறையக் கனியோடு நிற்கிறவன், தன் குடும்பம் நிலமற்றிருந்த நாட்களை எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். என் பார்வையில் இந்த அதிகாரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கூடையில் உள்ள கனி எப்படியும் ஆசாரியனுக்குப் போய்விடும். அறிக்கையோ சொல்கிறவனுக்குள் இறங்குகிறது. வசதியாய் இருப்பவன் தன் முன்னோர் பஞ்சம் பிழைக்கப் போன கதையை மறைக்கத்தான் விரும்புவான் என்பதைச் சட்டத்தை எழுதியவர் நன்றாக அறிந்திருக்கிறார்.

இது நடைமுறையில் எப்படி நடந்தது என்பதை மிஷ்னா விவரிக்கிறது. எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் அழிந்தபின், அங்கே நிலவிய முறைகளை யூத ஆசிரியர்கள் நினைவில் வைத்துக் காத்து, ஏறத்தாழ கி.பி. 200 அளவில் தொகுத்தவை அதில் உள்ளன. முதற்பலன்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அதன்படி, விவசாயி தன் தோட்டத்துக்குள் இறங்கிப் போகும்போது முதலில் பழுத்த ஓர் அத்திப்பழத்தையோ, ஒரு திராட்சைக் குலையையோ, ஒரு மாதுளையையோ கண்டால், அதில் ஒரு கோரைநாரைக் கட்டி "இது முதற்பலன்" என்று சொல்லிவிட வேண்டும். கூடை பிறகு வரும், பயணம் பிறகு வரும். காணிக்கை மரத்திலிருக்கும்போதே பிரிக்கப்பட்டுவிடுகிறது. எல்லாவற்றையும் பறித்து, விற்பதை விற்று, மீந்ததில் கொடுப்போம் என்று எண்ண இடமில்லாமல் செய்துவிடும் இந்த நார்முடிச்சு எனக்கு எந்த உபதேசத்தையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

பிறகு சுற்றுவட்டாரத்து ஊர்களின் மக்கள் ஒரு தலைமை ஊரில் கூடுவார்கள். வீடுகளுக்குள் நுழையாமல் தெருவெளியிலேயே இரவைக் கழிப்பார்கள். விடியற்காலையில் பொறுப்பாளர் எழுப்பி, சீயோனுக்குப் போவோம் வாருங்கள் என்று அழைப்பார். எருசலேமுக்கு அருகில் உள்ளவர்கள் பச்சை அத்திப்பழமும் திராட்சையும் கொண்டுவருவார்கள், தொலைவில் உள்ளவர்கள் உலர்ந்ததைக் கொண்டுவருவார்கள். முன்னே ஒரு காளை நடக்கும். அதன் கொம்புகளுக்குப் பொன் தகடு, தலையில் ஒலிவ இலை முடி. குழல் ஊதிக்கொண்டே போவார்கள். நகரத்தை நெருங்கும்போது உள்ளிருந்து அதிகாரிகள் எதிர்கொள்வார்கள். எருசலேமின் கைவினைஞர்கள் எல்லாரும் வேலையை விட்டு எழுந்து நின்று, இன்ன ஊர்ச் சகோதரரே, சமாதானத்தோடு வாருங்கள் என்று வாழ்த்துவார்கள். தேவாலய மலையை அடைந்தபின் யூத அரசனாகிய அகிரிப்பாவே ஆனாலும் கூடையைத் தன் தோளில் தானே சுமக்க வேண்டும். ஆளை வைத்துச் சுமக்கச் செய்வது அங்கே செல்லாது.

அறிக்கையைப் பற்றி மிஷ்னா சொல்லும் ஒரு சிறிய செய்தியை இங்கே எடுத்துச்சொல்ல வேண்டும். முற்காலத்தில், சொல்லத் தெரிந்தவர்கள் தாங்களே சொன்னார்கள், தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இதனால் தெரியாதவர்கள் வெட்கப்பட்டு, முதற்பலன் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் ஒரேபோலச் சொல்லிக்கொடுப்பது என்று விதித்தார்கள். செல்வர் வெள்ளி, பொன் பதித்த கூடைகளில் கொண்டுவந்தார்கள், ஏழைகள் பட்டையுரித்த ஆற்றலரிக் (வில்லோ மரக்) குச்சியால் பின்னிய கூடைகளில் கொண்டுவந்தார்கள் என்றும் அதே இடத்தில் படிக்கிறோம். கூடையில் இருந்த வேறுபாட்டை அவர்கள் ஒழிக்கவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆனால் சொல்லில் இருந்த வேறுபாட்டை ஒழித்தார்கள். நன்றி செலுத்துகிற இடத்தில் படிப்பில்லாதவன் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று ஒரு சமுதாயம் கவலைப்பட்டு முறையையே மாற்றியது சிறிய காரியமன்று.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உழைப்பு மனிதனுடையதுதானே என்ற வாதத்தை வேதாகமம் அறியாமல் இல்லை. அதை முன்கூட்டியே எடுத்துப் பேசுகிறது. உபாகமம் 8ஆம் அதிகாரம் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவ எண்ணெய், தேன் என்று தேசத்தின் ஏழு விளைவுகளைப் பட்டியலிட்டபின், நீ புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து, ஆடுமாடுகள் பெருகும்போது, "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" இந்தச் செல்வத்தைச் சம்பாதித்தது என்று உன் இருதயத்தில் சொல்லாதபடி எச்சரிக்கையாயிரு என்கிறது. சாமர்த்தியம் இல்லை என்று அது சொல்லவில்லை. சம்பாதிக்கிற பெலனைக் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அடுத்த வசனம் சேர்க்கிறது. ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி இதை இன்னும் நுட்பமாகச் சொல்லும். உழுகிறவன் நாள் முழுவதும் உழுதுகொண்டே இருப்பதில்லை. நிலத்தைச் சமப்படுத்தியபின் எந்த விதையை எங்கே இட வேண்டுமோ அங்கே இடுகிறான். சீரகத்தின்மேல் வண்டியுருளையை ஓட்டாமல் கோலால் அடித்து எடுக்கிறான். அப்பத்துக்கான தானியத்தைக்கூட ஓயாமல் போரடித்து நொறுக்கிவிடுவதில்லை. இந்தப் பக்குவத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய தேவன் என்கிறார் தீர்க்கதரிசி. தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த தொழிலறிவும் வாங்கிக்கொண்டதுதான், நாமே படைத்துக்கொண்டதன்று என்பது இதன் கருத்து. தேவநம்பிக்கை இல்லாதவர்கூட இதன் முதற்பாதியை மறுக்க முடியாது.

இதற்கு மாறான மனிதனை இயேசு ஓர் உவமையில் காட்டினார். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐசுவரியமுள்ள ஒருவனுடைய நிலம் நன்றாய் விளைந்தது. அவன் திருடவில்லை, ஒருவனையும் ஏமாற்றினதாகக் கதையில் இல்லை. ஆனால் அவன் யாரோடு பேசுகிறான் என்று கவனியுங்கள். தனக்குள்ளே யோசிக்கிறான், தன் ஆத்துமாவோடு பேசுகிறான். என் களஞ்சியங்கள், என் தானியம், என் பொருள்கள் என்று எல்லாம் "என்" என்றே வருகிறது. அவ்வளவு பெரிய விளைச்சலை அறுத்தவர்கள் நிச்சயமாகக் கூலியாட்களாய் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன்கூட அவனுடைய பேச்சுக்குள் வரவில்லை. தேவன் அந்தக் கதைக்குள் வருவது கடைசியில்தான், அதுவும் மதிகேடனே என்று அழைப்பதற்காக. உபாகமத்தின் அறிக்கையை இந்த மனிதன் ஒரு முறையாவது ஊரார் நடுவே நின்று சொல்லியிருந்தால் அவனுடைய வாக்கியங்கள் வேறுவிதமாய் அமைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நன்றி தேவனுக்கு, பங்கு பிறருக்கு என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தை வாசித்தால் அப்படிப் பிரிக்க முடியாது. அங்கே முதலில் வாற்கோதுமையின் முதற்கதிர்க்கட்டைப் பற்றிய கட்டளை வருகிறது: அதை ஆசாரியன் அசைவாட்டுகிற நாள்மட்டும் புதிய அப்பமோ, வறுத்த கதிரோ, பச்சைக்கதிரோ உண்ணக் கூடாது. அந்தக் கதிர் அறுக்கப்பட்ட விதத்தையும் மிஷ்னா சொல்கிறது. மாலை மங்கியதும், சுற்று ஊரார் கூடி நிற்க, அறுக்கிறவர் "சூரியன் மறைந்ததா?" என்று கேட்பார், "ஆம்" என்பார்கள், "இந்த அரிவாளாலா?", "ஆம்", "இந்தக் கூடையிலா?", "ஆம்", "அறுக்கட்டுமா?", "அறு" என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டு விடை பெற்றபிறகே அறுப்பார். (நாள் கணக்கில் மாறுபட்ட ஒரு பிரிவினருக்குப் பதிலடியாகத்தான் இவ்வளவு ஆரவாரம் என்று மிஷ்னாவே ஒப்புக்கொள்கிறது. விழாக்கள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு தகராறு இருக்கும்.) அதன்பின் 50ஆம் நாளில் கோதுமையின் முதற்பலனாக இரண்டு அப்பங்கள் செலுத்தப்பட வேண்டும், அவை புளித்த மாவினால் செய்யப்பட வேண்டும். பலிபீடத்தில் புளித்தது ஏறக்கூடாது என்பது பொதுவிதி; இருந்தும் இந்த நாளில் வீட்டில் அன்றாடம் உண்ணும் அப்பமே கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுவரப்பட்டு, ஆசாரியனுக்கு உணவானது.

பண்டிகை விதிகள் இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, 22ஆம் வசனத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், உங்கள் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும், சிந்திக்கிடக்கிற கதிர்களைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நிய தேசத்தானுக்கும்) விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை நுழைகிறது. இந்தக் கட்டளை 19ஆம் அதிகாரத்திலேயே ஒரு முறை சொல்லப்பட்டுவிட்டது. காணிக்கை விவரங்களுக்கு நடுவே மறுபடியும் சொல்லப்படுவது, ஓரத்தை அறுத்து எடுத்துக்கொண்டவனுடைய அப்பம் நன்றியின் அப்பமாகாது என்பதற்காகவே என்று நான் கொள்கிறேன். ஓரமாக எவ்வளவு விட வேண்டும் என்று நியாயப்பிரமாணம் அளவு சொல்லவில்லை. அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று மிஷ்னா கீழெல்லை மட்டும் வைத்தது, முதற்பலனுக்கு மேல்எல்லையே இல்லை என்றும் சொன்னது. ஓரத்துக் கதிரை எடுக்க வரும் ஏழைகள் அரிவாள் கொண்டுவரக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருக்கடியில் ஒருவரையொருவர் காயப்படுத்திவிடுவார்கள் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு. பசி எவ்வளவு நெருக்கிக்கொண்டு நின்றது என்பதை இந்த ஒரு விதி காட்டிவிடுகிறது.

இந்த ஓரத்தில் வந்து நின்றவள்தான் ரூத். அந்நிய தேசத்து விதவை, வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்தவள். நிலக்காரனாகிய போவாஸ் வயலுக்கு வரும்போது அறுக்கிறவர்களைப் பார்த்து, கர்த்தர் உங்களோடு இருப்பாராக என்கிறான். அவர்கள் கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக என்று பதில் சொல்கிறார்கள். இந்த வாழ்த்தோடு அவன் நின்றிருந்தால் நாம் அவனை நினைவில் வைத்திருக்க மாட்டோம். அரிக்கட்டுகளிலிருந்து அவளுக்காக வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று வேலைக்காரருக்குச் சொன்னான். அன்று மாலை அவள் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு எப்பா, அதாவது சுமார் 22 லிட்டர் என்று பொதுவாகக் கணக்கிடப்படும் அளவு. சட்டம் சிந்தியதை விட்டுவிடு என்றது. போவாஸ் சிந்திவிடு என்றான். வாங்குகிறவள் பிச்சை வாங்கியதாக உணராதபடி, அவள் உழைத்துப் பொறுக்கியதாகவே இருக்கும்படி செய்த நாசூக்கு அது.

கூடாரப்பண்டிகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களஞ்சியம் நிரம்பி, வீட்டில் நிம்மதியாய்ப் படுக்கக்கூடிய ஒரே காலத்தில், ஏழு நாள் வீட்டை விட்டு வெளியேறித் தழைப்பந்தலில் குடியிருக்கச் சொல்லும் பண்டிகை அது. வனாந்தரத்தில் முன்னோர் கூடாரங்களில் இருந்ததை நினைக்க. அதே நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். சென்ற ஆண்டின் பலன் உள்ளே இருக்கிறது, வரும் ஆண்டின் மழை இன்னும் தொடங்கவில்லை. நன்றியும் வேண்டுதலும் ஒரே வாரத்தில் நின்றன.

இந்த இடத்தில் பலர் வழுக்கி விழும் ஒரு குழியைச் சொல்லாமல் போக முடியாது. மல்கியா 3:10ஐ எடுத்துக்கொண்டு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடு, வானத்தின் பலகணிகள் திறக்கும், கொடுத்தது பல மடங்காய்த் திரும்பும் என்று அறுப்புக் காலத்துக் காணிக்கையை முதலீடாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்த வசனத்திலேயே, என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரருடைய கூலியையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்வேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். ஐந்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பத்தாம் வசனத்தை மட்டும் சுவரில் எழுதிவைப்பது நேர்மையன்று. விளைச்சல் நற்குணத்துக்குக் கிடைக்கும் கூலி என்ற எண்ணத்தையும் புதிய ஏற்பாடு ஏற்பதில்லை. பிதா நீதியுள்ளவர்கள் மேலும் அநீதியுள்ளவர்கள் மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று மத்தேயு 5:45 சொல்கிறது. லீஸ்திரா ஊரில் வேறு தெய்வங்களை வணங்கிய மக்களிடம் பேசிய பவுல், வானத்திலிருந்து மழையையும் செழிப்புள்ள காலங்களையும் உங்களுக்குத் தந்து, உங்கள் இருதயங்களை ஆகாரத்தினாலும் சந்தோஷத்தினாலும் நிரப்பினவர் அவர் என்று அவர்களை நோக்கியே சொன்னான். கேட்காதவனுக்கும் கொடுக்கப்பட்டதற்கு விலை பேச முடியாது.

விளைச்சல் பொய்த்த ஆண்டைப் பற்றிய கேள்வி இதிலிருந்தே தொடங்குகிறது. நல்ல விளைச்சல் புண்ணியத்தின் சான்றாகாதபோது, கெட்ட விளைச்சலை வைத்து ஒரு விவசாயியின் பக்தியை அளப்பதும் தவறு. பயிர் கருகிப்போனவனிடம் போய், நீ காணிக்கையில் குறைவைத்திருப்பாய் என்று சொல்கிறவர்கள் துன்பத்துக்கு அவனுடைய பாவமே காரணம் என்று சாதித்த யோபுவின் நண்பர்களுடைய வரிசையைச் சேர்ந்தவர்கள். யோவேலின் முதல் அதிகாரம் வெட்டுக்கிளியாலும் வறட்சியாலும் அழிந்த ஒரு தேசத்தைக் காட்டுகிறது. அங்கே தீர்க்கதரிசி யாரையும் நன்றி சொல்லச் சொல்லவில்லை. பயிர்செய்கிறவர்களே, வெட்கப்படுங்கள், அலறுங்கள் என்கிறார். தானியத்தாலான போஜனபலியும் திராட்சரசத்தாலான பானபலியும் ஆலயத்திலிருந்து அற்றுப்போயின என்று ஆசாரியர் துக்கிக்கிறார்கள். வானம் வறண்டால் வானோர்க்கு நடக்கும் பூசையும் விழாவும் நடவா என்று வள்ளுவர் வான்சிறப்பில் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடவுள் வாழ்த்தை அடுத்தே அந்த அதிகாரத்தை அவர் வைத்ததும் கருதத்தக்கது. பலன் இல்லாதபோது கூடையும் இல்லை. இல்லாத கூடையைச் சுமக்கும்படி நியாயப்பிரமாணம் ஒருவனையும் கேட்கவில்லை.

அப்படியானால் ஆபகூக் 3ஆம் அதிகாரத்தின் கடைசி வரிகளை என்ன செய்வது என்று கேட்கலாம். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சையில் பழம் இல்லாவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற அந்த வரிகளை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அதே ஆபகூக் முதல் அதிகாரத்தின் தொடக்கத்தில், கர்த்தாவே, நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று முறையிட்டவர். மூன்றாம் அதிகாரத்தின் அந்த இடத்துக்குச் சற்று முன்னால், கேட்டபோது என் குடல் குழம்பிற்று, என் உதடுகள் துடித்தது என்றும் சொல்கிறார். நடுங்கிக்கொண்டே சொன்ன வார்த்தைகள் அவை. ஒருவர் தமக்காகத் தாமே அவற்றைச் சொல்லலாம். கடனில் நிற்கிற அயலானுக்கு அவற்றைப் புத்திமதியாக எடுத்துக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை. சங்கீதம் 126 கண்ணீரோடு விதைக்கிறவனைப் பற்றிப் பேசுவதன் பின்னணியும் இதுதான். பஞ்சத்துக்குப் பின்வரும் விதைப்பில் அவன் மண்ணில் போடுவது பிள்ளைகள் உண்டிருக்கக்கூடிய கடைசித் தானியம். அவனைக் கெம்பீரித்துப் பாடச் சொல்லாமல், அழுதுகொண்டே போகிறான் என்று உள்ளபடி சொல்லி, அரிகளைச் சுமந்து வருவான் என்ற நம்பிக்கையை மட்டும் சங்கீதம் பக்கத்தில் வைக்கிறது. அப்படிப்பட்ட ஆண்டில் சபையாரோ ஊராரோ செய்ய வேண்டியது அவன் கையில் விதை கொடுப்பது.

கடைசியாக, வயல் இல்லாதவர். முதற்பலன் கட்டளை சொந்த நிலம் உள்ளவனுக்கே உரியது. வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கும்) குத்தகைக்கும் பயிரிடுகிறவர்கள்கூட அதைக் கொண்டுவர வேண்டியதில்லை என்று மிஷ்னா வகுத்தது, ஏனெனில் வசனம் "உன் நிலத்தின்" கனி என்கிறது. ஆகவே முதல் மாதச் சம்பளத்தை முழுவதும் கொடுத்தாக வேண்டும், அதுவே முதற்பலன் என்று யாராவது சட்டமாகச் சொன்னால் அதற்கு வேதத்தில் ஆதாரம் தேட முடியாது. மனமுவந்து கொடுப்பதைத் தடுக்கவும் யாருக்கும் வேலையில்லை. நிலமற்றவனுக்கு உபாகமம் 26:11 கொடுத்த முதல் இடம் பந்தியில்தான்: நீயும் லேவியனும் (ஆலயப் பணிக்குரிய, தனக்கென நிலமில்லாத கோத்திரத்தான்) உன்னிடத்தில் இருக்கிற பரதேசியும் சந்தோஷப்படுவீர்களாக. ஆனால் உண்கிற எவருக்கும் பொதுவான ஒரு கடமை உபாகமம் 8:10இல் இருக்கிறது; புசித்துத் திருப்தியடைந்தபின் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்பது. பசியோடு இலைக்கு முன் உட்காரும்போது எல்லாருக்கும் ஜெபம் வரும். வயிறு நிறைந்து எழுந்திருக்கும்போது சொல்லச் சொல்லுகிறது இந்த வசனம். கூலி கொடுக்கிற நிலையில் இருப்பவருக்கு உபாகமம் 24:15 இன்னும் தெளிவானது: எளியவனுடைய கூலியை அந்த நாளில்தானே, பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும். அறுப்பு நடந்த வயலில் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபும் 5:4இல் எழுதுகிறார்.

இன்னொன்றும் உண்டு. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலன் அறிக்கையை அடுத்து, மூன்றாம் ஆண்டின் தசமபாகத்துக்கான வேறொரு அறிக்கை வருகிறது. அந்தப் பங்கு எருசலேமுக்குப் போகாது; அவரவர் ஊரிலேயே லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியாகும்படி வைக்கப்படும். கொடுத்து முடித்தவன், பரிசுத்தமானவைகளை என் வீட்டிலிருந்து எடுத்துவந்து இன்னாருக்கெல்லாம் கொடுத்தேன், உமது கட்டளைகளை மறக்கவில்லை என்று தேவசந்நிதியில் கணக்குச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான், உமது பரிசுத்த வாசஸ்தலமாகிய பரலோகத்திலிருந்து நோக்கிப் பார்த்து ஆசீர்வதியும் என்ற வேண்டுதல் வருகிறது. கணக்கு முன்னால், வேண்டுதல் பின்னால் என்ற இந்த வரிசையை மாதச் சம்பளத்தில் வாழ்கிற ஒரு குடும்பம் ஆண்டு முடிவில் உட்கார்ந்து அப்படியே கடைப்பிடிக்கலாம். யாருக்கு எவ்வளவு போயிற்று, யாருக்குச் சேர வேண்டியது இன்னும் வீட்டிலேயே இருக்கிறது என்று எழுதிப் பார்ப்பதற்கு வயல் தேவையில்லை.